நடுவரில்லாப் பந்தயம்

இங்கிலாந்து நாட்டின் கோல்ப் கழகங்களில் வார இறுதிதோறும் நட்புப் பந்தயம் நிகழும். பந்தைக் கோலால் அடித்து 18 குழிகளிலும் வீழ்த்துவர். அடிகள் குறைந்தவரே வென்றவர். வல்லாரோடு எளியார் பொருவது எங்ஙனம்? முன்னைய ஆட்டங்களின் அட்டைகளைக் கொண்டு அவரவர் திறனைக் கணித்துச் சலுகையடிகள் வழங்குவர். 20 சலுகையுடைய முதியவர் 91 அடித்தால் 71 என்றே கொள்வர். 5 சலுகையுடைய இளைஞர் 77 அடித்தும் 72 ஆதலின் தோற்பார். பேரனைப் பாட்டனார் வெல்லும் விந்தை இது!

ஆடுகளத்தில் நடுவர் உடன் வருவதில்லை. உடன் ஆடுபவரே அட்டையில் அடிகளைக் குறிப்பர். புல்லிடைக் கிடக்கும் பந்து கோல் பட்டுச் சிறிதே அசைந்தால், அதனை ஆடுபவர் ஒருவரே அறிவார். அவர் மறைப்பின் அட்டை பொய்க்கும். அதன்வழிச் சலுகைக் கணக்கும் பொய்க்கும். பெரும் போட்டிகளிலும் இந்நெறியே. 1925-இல் அமெரிக்காவின் ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ், பிறர் காணாத அத்தகைய அசைவைத் தாமே எடுத்துரைத்து, ஓரடியைத் தண்டமாக ஏற்றார். முடிவில் இருவர் சமநிலை எய்தினர். மீண்டும் ஆடியபோது ஜோன்ஸ் பட்டத்தை இழந்தார்.