போற ஊரும் நம்ம ஊருதான்!

லீவு விட்டாச்சு! குழந்தைகளோடு வேன் பிடித்து அருவி, தோப்பு, மலைக்கிராமம் என்று சுற்றக் கிளம்பிவிடுகிறோம். வீட்டில் ஒரு காகிதம் கிடந்தாலே பொறுக்காத நாம், அங்கே மட்டும் சாப்பிட்ட தட்டையும் டீ குடித்த கப்பையும் அப்படியே போட்டுவிட்டு வருகிறோமே, ஏன்?

அந்தக் கப்பில் மழைத்தண்ணீர் தேங்கினால் போதும், டெங்கு கொசு முட்டையிட்டுவிடும். நாம் ஊர் திரும்பிவிடுவோம். காய்ச்சலில் படுப்பது அந்த ஊர்க் குழந்தை.

'படிச்சவங்களே இப்படிப் பண்றாங்களே' என்று திட்டுவதால் பயனில்லை. எதைப் பார்த்தால் மனசு மாறுகிறது?

முதலில், சுத்தமான இடம். மேகாலயாவில் மாவ்லின்னாங் என்ற குட்டி கிராமத்தை 2003-ல் ஒரு பயணப் பத்திரிகை 'ஆசியாவிலேயே சுத்தமான கிராமம்' என்று பாராட்டியது. தெருவைப் பெருக்குவது ஊர்க்காரர்களே. வழியெல்லாம் குப்பைக்கு மூங்கில் கூடைகள். பளிச்சென்ற தெருவில் மிட்டாய்க் காகிதத்தை எறிய யாருக்குக் கை வரும்?

அடுத்தது, சொல்லும் விதம். அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாகிப்போன பழங்கால மரங்கள் உள்ள பூங்கா இருக்கிறது. 'பலர் மரத்துண்டுகளை எடுத்துப் போய்விட்டார்கள்' என்று போர்டு வைத்தபோது, அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் நூற்றுக்குச் சுமார் 8 காணாமல் போயின. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்றபோது 2-கூட இல்லை. உளவியல் பேராசிரியர் ராபர்ட் சியால்டினி குழுவினர் கண்டது இது. 'எல்லாரும்தான் செய்றாங்க' என்று காதில் விழுந்தால், நமக்கும் துணிச்சல் வந்துவிடுகிறது!

மூன்றாவது, கையில் திரும்பி வரும் காசு. நீலகிரியில் உடைந்த மதுபாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கும் பிரச்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2022-ல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் திட்டம் வந்தது. பாட்டில்கள் கடைக்கே திரும்பத் தொடங்கின.

நம் வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். அடுத்த பயணத்தில் எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். குப்பைக்கென்றே வண்டியில் ஒரு பையை மாட்டி, அதன் பொறுப்பை வீட்டின் கடைக்குட்டியிடம் கொடுங்கள். 'அப்பா, வாழைப்பழத் தோலை எங்கே போட்டீங்க?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும் தயாராக இருங்கள்!