படம் விற்கும் கமிஷன் மண்டி

கணினியில் பில் போடும் பழக்கம் நம் கடைகளுக்கு வந்த புதிதில், பெட்டியைப் போட்டதும் திரையில் ஒரு பச்சைப் புல்மேடும் நீல வானமும் வெண்மேகமும் தெரியும். விண்டோஸ் எக்ஸ்பி மென்பொருளோடு வந்த படம் அது. கல்லாவில் உட்கார்ந்தபடி ஆண்டுக்கணக்கில் அதைப் பார்த்திருக்கிறோம். யாரோ கணினியில் வரைந்தது என்றே நம்மில் பலர் நினைத்திருப்போம். உண்மையில் அது புகைப்படம். சார்லஸ் ஓரியர் என்ற புகைப்படக்காரர் 1996 ஜனவரியில், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் சோனோமா பகுதியில், சாலையோரம் காரை நிறுத்திவிட்டு ஃபிலிமில் எடுத்தது. அதை அவர் ஒரு படத் தரகு நிறுவனத்தில் சேர்த்து வைத்தார். அந்த நிறுவனத்தை 1998இல் கோர்பிஸ் வாங்கியது. அங்கிருந்துதான் மைக்ரோசாப்ட் அந்தப் படத்தின் முழு உரிமையையும் வாங்கிக்கொண்டது. விலை என்னவென்று இரு தரப்பும் வெளியே சொல்லவில்லை.

இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்டுடியோ, கலர் லேப் வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் அண்மைக்காலமாக நம்மைக் கண்டால் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "இன்டர்நெட்டில் போட்டோ போட்டு வைத்தால் டாலரில் பணம் வருமாமே, உண்மையா?" பாவம், அவர்கள் நிலைமை அப்படி. ஃபிலிம் ரோல் கழுவும் வேலை போயிற்று. கைபேசி வந்தபின் குடும்பப் படம் எடுக்க ஸ்டுடியோ படியேறுவோர் குறைந்துவிட்டனர். பாஸ்போர்ட் படமும் கல்யாண ஆல்பமும்தான் மிச்சம். கையில் கேமராவும் தொழிலும் இருக்க, வேறு வழியில் நாலு காசு வருமா என்று பார்ப்பது நியாயந்தானே. பணம் வருவது உண்மை. எவ்வளவு, எப்படி, யார் கையில் எவ்வளவு நிற்கிறது என்பதை விசாரித்த அளவில் இங்கே எழுதுகிறோம்.

மஞ்சள், மிளகாய், நிலக்கடலை மண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொழிலை அதிகம் விளக்க வேண்டியதில்லை. விவசாயி மூட்டையைக் கொண்டு வந்து இறக்குகிறார். மண்டிக்காரர் வாங்குபவரைப் பிடித்து விற்றுக் கொடுத்துக் கமிஷன் பிடித்துக்கொள்கிறார். இங்கே மூட்டைக்குப் பதில் படம்; புகைப்படமோ, கையாலோ கணினியிலோ வரைந்த சித்திரமோ எதுவானாலும் சரி. நிறுவனத்தின் தளத்தில் அதை ஏற்றி வைக்கிறோம். விளம்பரக்காரர், பத்திரிகைக்காரர், பாடப்புத்தகம் போடுபவர் தேடி வந்து பணம் கட்டி எடுத்துக்கொள்கிறார். நமக்கு உரிய பங்கு நம் கணக்கில் ஏறும்.

ஆனால் இரண்டு வித்தியாசங்கள் உள்ளன. விற்ற மூட்டை விற்றதுதான், படம் அப்படியில்லை. ஒரே படத்தை நூறு பேருக்கும் கொடுக்கலாம், சரக்கு இருப்பு குறையாது. ஏனென்றால் நாம் விற்பது படத்தை அன்று, அதைப் பயன்படுத்தும் அனுமதியை. வாடகைக்குப் பாத்திரம் விடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வித்தியாசம்தான் கவனிக்க வேண்டியது. நம் மண்டியில் விலையின் பெரும்பங்கு விவசாயிக்குப் போகும், சிறு பங்கு மண்டிக்கு. இங்கே தலைகீழ்.

முன்பு இவ்வளவு மோசமில்லை. படத் தரகுத் தொழில் நூறாண்டுப் பழமை உடையது. ஜெர்மனியிலிருந்து 1935இல் பெட்டி பெட்டியாகப் படங்களோடு தப்பி வந்த ஓட்டோ பெட்மன் என்பவர் நியூயார்க்கில் தொடங்கிய படக் களஞ்சியம் பல லட்சம் படங்களாகப் பெருகி, 1995இல் பில் கேட்ஸின் கோர்பிஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது. அந்தப் பழைய ஃபிலிம்கள் இன்றும் பென்சில்வேனியாவில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் குளிரூட்டிப் பாதுகாக்கப்படுகின்றன. நம்மூரில் வெங்காயத்துக்குக்கூட அந்த வசதி இல்லை! அந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் விலை இருந்தது. அதில் பாதியைப் படமெடுத்தவருக்குக் கொடுப்பது பரவலான வழக்கம்.

2000ஆம் ஆண்டில் கனடாவின் கால்கரி நகரில் புரூஸ் லிவிங்ஸ்டன் என்பவர் ஐஸ்டாக்போட்டோவைத் தொடங்கினார். முதலில் படக்காரர்கள் ஒருவருக்கொருவர் இலவசமாகப் பரிமாறிக்கொண்டார்கள்; பிறகு மிகக் குறைந்த விலை வைத்தார்கள். விலை சரிந்தது. பெரிய நிறுவனமான கெட்டி இமேஜஸ் 2006இல் 5 கோடி டாலர் கொடுத்து அதையே வாங்கிப் போட்டது. அதற்குள் 2003இல் ஜான் ஓரிஞ்சர் என்பவர் தாம் எடுத்த 30,000 படங்களை வைத்து நியூயார்க்கில் ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கிவிட்டார். மாதச் சந்தா கட்டினால் படங்களை அள்ளிக்கொள்ளலாம் என்பது அவர் கொண்டுவந்த முறை. மெஸ்ஸில் மாத டோக்கன் வாங்குவது போலத்தான். வாங்குபவருக்குக் கொண்டாட்டம். படம் கொடுப்பவருக்கு ஒரு படத்துக்குக் கிடைப்பது சில சென்ட் என்றாயிற்று. ஃபோட்டோலியா நிறுவனத்தை அடோபி 80 கோடி டாலருக்கு வாங்கி, 2015இல் அடோபி ஸ்டாக் என்று நடத்தத் தொடங்கியது. கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாக இணையப் போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தன. கடைகள் குறையக் குறையச் சரக்குப் போடுபவரின் பேரம் எடுபடாது என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

இப்போது பங்குக் கணக்கு. அடோபி ஸ்டாக்கில் புகைப்படத்துக்கும் சித்திரத்துக்கும் நமக்கு 33 சதவீதம். ஐஸ்டாக்கில், அவர்களுக்கு மட்டுமே சரக்குத் தருவதாக எழுதிக் கொடுக்காதவர்களின் புகைப்படத்துக்கு 15 சதவீதம். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் புது முறை கொண்டுவந்தது. 15 சதவீதத்தில் தொடங்கி, விற்க விற்கப் படி ஏறி 40 சதவீதம் வரை போகலாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1ஆம் தேதி எல்லோரும் மறுபடி முதல் படிக்கே வந்துவிட வேண்டும். தீபாவளிக்கு நன்றாக வியாபாரம் பார்த்துக் கொடுத்த சிப்பந்தியைத் தை பிறப்பதற்குள் பழைய சம்பளத்துக்கே இறக்கிய கதை. உலகம் முழுவதும் படக்காரர்கள் கொதித்தார்கள். பலர் படங்களை எடுத்துவிட்டார்கள். நிறுவனம் அசையவில்லை.

அந்த முறையில் சந்தாக்காரர் ஒரு படத்தை எடுத்தால் குறைந்தபட்சம் 10 சென்ட் கிடைக்கும். கணக்கு வசதிக்காக டாலரை 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எட்டரை ரூபாய். 25 டாலர் சேர வேண்டுமானால் இந்த விலையில் 250 முறை படம் போக வேண்டும். அப்போதும் கைக்கு வருவது 2,125 ரூபாய்தான். எல்லா விற்பனையும் அடிமட்ட விலையில் நடப்பதில்லை. இடையிடையே ஓரிரு டாலர் விழுவதும் உண்டு. என்றாலும் கடை வாடகையைக் கட்ட இதை நம்பி யாரும் இறங்க வேண்டாம் என்பதே நம் கருத்து. ஷட்டர்ஸ்டாக்கின் கிடங்கில் மட்டும் 40 கோடிக்கு மேல் படங்கள் குவிந்து கிடக்கின்றன. நம் பத்துப் படம் அதில் கடலில் கரைத்த பெருங்காயம். சில ஆயிரம் படங்களைப் பொறுமையாகச் சேர்ப்பவர்களுக்கே மாதாமாதம் ஏதோ தொடர்ந்து வரும்.

எந்தச் சரக்குப் போகும்?

அழகான படம் போகும் என்று நினைப்பது முதல் தவறு. சூரிய உதயமும் ரோஜாப்பூவும் அங்கே மலைபோல் கிடக்கின்றன. வாங்குபவர் ஒரு விஷயத்தைச் சொல்லப் படம் தேடுகிறார். கணக்கு எழுதும் பெரியவர், ஊசி போடும் நர்ஸ், கைபேசியில் பணம் கட்டும் பெண், சாக்கில் குவிந்த வற்றல் மிளகாய் என்று. பக்கத்தில் எழுத்துப் போட வெற்றிடம் விட்டு எடுத்தால் இன்னும் நல்லது. இந்திய முகங்கள், இந்திய வீடுகள், இந்தியக் கடைகள் கொண்ட படங்களுக்கென்றே டில்லியில் சந்தீப் மகேஸ்வரி 2006இல் இமேஜஸ்பஜார் என்ற நிறுவனத்தைத் தொடங்கி நிலைபெற்றார். வெள்ளைக்காரர் படத்தை வைத்து நம்மூர் வங்கிக்கு விளம்பரம் செய்ய முடியாது என்ற சிறு விஷயந்தான் அவருக்கு முதலீடு.

நம்மைச் சுற்றிலும் சரக்கு இருக்கிறது. ஆனால் வில்லங்கமும் இருக்கிறது. மளிகைக் கடை அலமாரியைப் படமெடுத்தால் சோப்பு, பிஸ்கட், தேயிலை என்று ஒவ்வொரு உறையிலும் ஒரு வணிகச் சின்னம் தெரியும். அந்தப் படத்தை விளம்பர உபயோகத்துக்கு விற்க முடியாது. செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டும் என்று முத்திரை குத்தித்தான் ஏற்பார்கள். மூட்டையில் இருக்கும் அரிசி, பருப்பு, மஞ்சளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆள் அடையாளம் தெரிந்தால் அவரிடம் சம்மதக் கடிதம் வாங்க வேண்டும். குழந்தையானால் பெற்றோர் கையெழுத்து. சிவகாசிக் காலண்டர் முருகன் படத்தைப் படமெடுத்துப் போடுவதும் கூடாது. அதை வரைந்த ஓவியருக்கோ அவரிடம் வாங்கியவருக்கோ உரிமை இருக்கும்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்றை ஸ்டுடியோக்காரர்கள் அறிவது அவசியம். "இருபது வருஷத்துக் கல்யாணப் படங்கள் என் டிஸ்கில் கிடக்கின்றன, அதையெல்லாம் ஏற்றிவிடலாமே" என்று ஒரு உறுப்பினர் நம்மிடம் சொன்னார். கூடவே கூடாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஷட்டரை அழுத்தியது நாமாக இருக்கலாம்; படம் கல்யாண வீட்டாருடையது. அதே பிரிவின்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும் போட்டோகிராபர் வேலைக்காக எடுத்த படம், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதலாளிக்குச் சொந்தம். விசேஷங்களுக்கு ஆளை அனுப்பும் ஸ்டுடியோக்காரர்கள் இதையும் எழுத்தில் தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது.

மற்றபடி நடைமுறை எளிது. படம் குறைந்தது 4 மெகாபிக்சல் இருக்க வேண்டும். இன்றைய கேமராக்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. மங்கலாகவோ புள்ளி விழுந்தோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேடு சொற்களை ஆங்கிலத்தில் தர வேண்டும். ஷட்டர்ஸ்டாக்கில் 50 சொல் வரை, அடோபியில் 49 வரை. பலரும் அசிரத்தையாக விடும் வேலை இது. பெயர்ப்பலகை இல்லாத கடைக்கு யார் வருவார்கள்?

வருமானம் அமெரிக்காவிலிருந்து வருவதால் அந்த ஊர் வரி பிடிக்கப்படும். டபிள்யூ-8பென் என்ற படிவத்தை நம் பான் எண்ணோடு நிரப்பிக் கொடுத்தால், அமெரிக்க வாடிக்கையாளர் மூலம் வந்த ராயல்டிக்கு இரு நாட்டு ஒப்பந்தப்படி 15 சதவீதம். கொடுக்கத் தவறினால் 30. அங்கே பிடித்ததை இங்கே வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள வழி உண்டு. உங்கள் ஆடிட்டரிடம் முதல் வருஷத்திலேயே சொல்லிவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தத் தொழிலின் அடித்தளமே ஆடுகிறது. வார்த்தையில் சொன்னால் கணினி படம் வரைந்து தந்துவிடுகிறது. அதற்குக் கற்றுக்கொடுத்ததே நம்மைப் போன்றோர் ஏற்றிய படங்கள்தான். ஷட்டர்ஸ்டாக் 2022 அக்டோபரில் ஓப்பன் ஏஐ நிறுவனத்துடன் கைகோத்ததை அறிவித்து, படக்காரர்களுக்கென ஒரு நிதியும் ஒதுக்கியது. அடோபி தன் கிடங்குப் படங்களைக் கொண்டு பயிற்றுவித்த ஃபயர்ஃபிளையை 2023 மார்ச்சில் வெளியிட்டது. கெட்டியோ கணினி வரைந்த படங்களை வாங்க மாட்டோம் என்று 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது. பொதுவான படங்களுக்கு இனி விலை ஏறும் என்று நமக்குத் தோன்றவில்லை. இன்ன ஊர்ச் சந்தை, இன்ன தொழில், இன்ன மனிதர் என்று நேரில் நின்று எடுத்த படத்துக்கு வேண்டுமானால் மதிப்பு நிற்கலாம்.

வாங்கும் பக்கமும் பார்ப்போம்

ஸ்டுடியோ இல்லாத நம் உறுப்பினர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. நோட்டீஸ், துணிப்பை, ஃபிளெக்ஸ் போர்டு என்று எதற்கு வேண்டுமானாலும் இன்டர்நெட்டில் தேடிக் கிடைத்த படத்தைப் போட்டுக்கொள்கிறோம். டிசைன் செய்யும் பையன் எங்கிருந்து எடுத்தான் என்று கேட்பதில்லை. நம் சங்கத்து ஜவுளிக்காரர் ஒருவருக்கு, கடையின் இணையப் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு படத்துக்காக வக்கீல் நோட்டீஸ் வந்தது. டிசைனர் கைவிரித்துவிட்டார், பணம் கட்டியது கடைக்காரர்தான். முறைப்படி வாங்கியிருந்தால் ஆன செலவைப்போல் பல மடங்கு. தெரிந்தே செய்தால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைக்கும் இடமிருக்கிறது.

'ராயல்டி ஃப்ரீ' என்று எழுதியிருந்தால் இலவசம் என்று பொருளல்ல. ஒருமுறை பணம் கட்டிவிட்டால் ஒவ்வொரு உபயோகத்துக்கும் தனித்தனியே கட்ட வேண்டாம் என்பதே பொருள். ஷட்டர்ஸ்டாக், அடோபி இரண்டிலும் சாதாரண உரிமத்தில் 5 லட்சம் பிரதி வரை அச்சிடலாம். நம் நோட்டீசுக்கு அது தாராளம். ஆனால் படத்துக்காகவே விலைபோகும் பொருளான பனியன், வாழ்த்து அட்டை, விற்பனைக் காலண்டர் போன்றவற்றுக்கு அதிக விலையுள்ள விரிவான உரிமம் வேண்டும். காலண்டருக்கு ஆர்டர் கொடுக்கும்போது எந்தப் படம், யாரிடம் எடுத்தது, எந்த உரிமம் என்று அச்சகத்தாரிடம் எழுதி வாங்கி, அந்த வருஷத்துப் பில்லோடு சேர்த்து ஃபைலில் போட்டு வையுங்கள்.