பழைய விண்டோஸுக்கு ஒரு போர்ஷன்

சென்னையில் இருபது, இருபத்தைந்து வருஷமாகப் புத்தகம் போட்டுவரும் பதிப்பாளர்கள் பலரிடம் ஒரு சிடி கட்டு இருக்கும். மேலே மார்க்கர் பேனாவில் புத்தகத்தின் பெயர், உள்ளே பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் ஃபைல். மறுபதிப்பு போடலாம் என்று அதை எடுத்துக்கொண்டு டிடிபி கடைக்குப் போனால், விண்டோஸ் 11 போட்ட புது சிஸ்டத்தில் ஃபைல் திறக்காது. எப்படியோ திறந்தாலும் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியும் பக்கம் பக்கமாக வரிசைகட்டி நிற்கும். முதலிலிருந்து டைப் செய்துவிடலாம் என்பார்கள். அவ்வளவு அவசரம் வேண்டாம். அந்த ஃபைல் உருவான விண்டோஸ் எக்ஸ்பியையே புதுக் கணினிக்குள் ஓடவிட்டு, அதற்குள் திறக்க வழி இருக்கிறது. செலவும் அதிகமில்லை.

இந்தத் தொல்லை ஏன் வருகிறது என்பதற்கு எங்கள் திருவான்மியூரிலேயே ஒரு கணக்குப் பார்க்கலாம். இங்கிருந்து இயங்கிய க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி முதலில் 1992இல் வந்தது. விரிவாக்கிய பதிப்பு 2008இல், அடுத்தது 2020இல். முதல் பதிப்பு வந்த வருஷம்தான் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 3.1ஐ வெளியிட்டது. இரண்டாவது வந்தபோது சந்தையில் இருந்தது விஸ்டா. மூன்றாவது வந்தபோது விண்டோஸ் 10. அதற்கும் 2025 அக்டோபரோடு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்துவிட்டது. நல்ல புத்தகம் ஒன்றின் ஆயுளுக்குள் நாலைந்து ஓ.எஸ். வந்து போய்விடுகின்றன.

ஆங்கிலத்துக்கு இதனால் பெரிய சேதம் இல்லை. தமிழுக்கு உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஃபாண்டுக்கு மட்டும்தான் தெரியும். பாமினி ஃபாண்டில் ‘அம்மா’ என்று வரவேண்டுமானால் எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். ஃபைலில் பதிவாவது அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். ஃபாண்ட் இருக்கும்வரை அது அம்மா. ஃபாண்டை எடுத்துவிட்டால் வெறும் கிறுக்கல். கம்பெனிக்குக் கம்பெனி எழுத்துகளை வெவ்வேறு இடத்தில் வைத்ததால், ஒரு கடையில் அடித்த மேட்டர் அடுத்த கடையில் வேறு எதுவாகவோ தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 கீபோர்டையும் வரையறுத்தது. கீபோர்டு நிலைத்தது. குறியீடுகள் எல்லாக் கடைக்கும் போய்ச் சேருவதற்குள் யூனிகோடு வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். அதற்குள் ஏராளமான தமிழ்ப் புத்தகங்கள் பழைய ஃபாண்டுகளில் அச்சேறி முடிந்திருந்தன.

ஃபாண்டை மட்டும் புதுக் கணினியில் போட்டுக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். சில நேரம் போதும். ஆனால் அந்தக் காலத்துத் தமிழ் மென்பொருள் பலவும் டாங்கிளோடு வந்தவை. கணினியின் பின்னால் அந்தச் சின்னப் பூட்டைச் சொருகினால்தான் வேலை செய்யும். பூட்டுக்கான டிரைவர் 32 பிட் விண்டோஸுக்கு எழுதப்பட்டது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான், அதில் 32 பிட் டிரைவர் ஏறாது. இன்னும் பழைய 16 பிட் புரோகிராம்களுக்கு அங்கே இடமே இல்லை. பேஜ்மேக்கரின் கதையும் இதேதான். 1985இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்தது, 1994இல் அடோபி கைக்குப் போனது, 2001இல் வந்த 7.0தான் கடைசிப் பெரிய பதிப்பு. அதன் ஃபைலை இன்டிசைன் சிஎஸ்6 வரை நேரடியாகத் திறந்து மாற்ற முடிந்தது. பிறகு வந்த இன்டிசைன் சிசி அந்தக் கதவைச் சாத்திவிட்டது.

இனி எக்ஸ்பியைக் குடிவைக்கும் விஷயம். விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் இரண்டில் எதையாவது புதுக் கணினியில் நிறுவ வேண்டும். முன்னதன் அடிப்படைப் பதிப்பு எப்போதுமே இலவசம். பின்னது 2024 முதல் எல்லாருக்கும் இலவசம். இவை உண்மையில் இல்லாத ஒரு கணினியை (விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக வி.எம்.) எக்ஸ்பியின் முன் காட்டுகின்றன: கொஞ்சம் ராம், ஓர் ஐடிஇ ஹார்ட் டிஸ்க், 2001லேயே எக்ஸ்பிக்குத் தெரிந்திருந்த நெட்வொர்க் கார்டு. ஹார்ட் டிஸ்க் என்று எக்ஸ்பி நம்புவது புதுக் கணினியில் கிடக்கும் ஒரே ஒரு பெரிய ஃபைல்தான். புரோகிராமின் கட்டளைகளில் பெரும்பாலானவை நிஜப் பிராசஸரிலேயே நேராக ஓடுகின்றன. மொத்த மெஷினையும் ஆளும் கட்டளை எதையாவது எக்ஸ்பி கொடுத்தால் மட்டும் இந்த மென்பொருள் குறுக்கிட்டு, தன் கட்டுக்குள் அதை நிறைவேற்றிக் கொடுக்கும். ஒண்டுக்குடித்தன வீட்டில் போர்ஷன் பிரித்துத் தனி மீட்டர் வைத்துக் கொடுப்பதுபோல்தான். உள்ளே இருப்பவர் தன் வீடு என்றே நினைத்துக்கொள்ளலாம், மெயின் சுவிட்ச் வீட்டுக்காரரிடம்.

இதை நேற்றைய கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். ஒரே இயந்திரத்தைப் பல கணினிகளாகக் காட்டும் விஎம்/370ஐ ஐபிஎம் 1972 ஆகஸ்டிலேயே அறிவித்தது. மறு வருஷம் அதே 370 குடும்பத்தின் 155 மாடல் ஐஐடி மெட்ராஸுக்கு வந்து சேர்ந்தது. அந்த மாடலை வாங்கியபடியே வைத்துக்கொண்டு விஎம்/370 ஓட்ட முடியாது, அதற்குத் தனி வன்பொருள் சேர்க்க வேண்டும் என்பது வேறு விஷயம். அறையை அடைத்து நின்ற அந்த இயந்திரக் குடும்பத்தின் பழைய ஓ.எஸ்.களை இன்று ஹெர்குலிஸ் என்ற இலவச மென்பொருளின் உதவியால் மடிக்கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். மேசைக் கணினிகளுக்கு இந்த வசதி சரளமாக வந்தது, இன்டெல்லும் ஏஎம்டியும் 2005, 2006 வாக்கில் பிராசஸருக்குள்ளேயே இதற்கான துணையைச் சேர்த்த பிறகுதான். பல கணினிகளில் பயாஸில் அந்த வசதி அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். ‘வி.எம். ஓடமாட்டேங்குது சார்’ என்று புலம்புவதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும். எம்1 வரிசை சிப் உள்ள ஆப்பிள் கணினியில் கதை வேறு. அதன் பிராசஸருக்கு எக்ஸ்பியின் பாஷை புரியாது. யூடிஎம் போன்ற மென்பொருள் ஒன்று ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும், வேகம் இறங்கிவிடும்.

எக்ஸ்பியை உள்ளே கொண்டுவர இரண்டு வழி. ஒரிஜினல் சிடியும் கீயும் இருந்தால் புதிதாகவே நிறுவலாம். நான் பரிந்துரைப்பது இரண்டாவதை: பழைய சிஸ்டம் இன்னும் ஆன் ஆகிறது என்றால், டிஸ்க்2விஎச்டி என்ற சிறு கருவியால் அதன் ஹார்ட் டிஸ்கை அப்படியே ஒரு ஃபைலாக எடுத்துவிடலாம். ஃபாண்ட், கீபோர்டு மென்பொருள், பேஜ்மேக்கர் எல்லாம் இருந்தபடியே வந்துசேரும். முதல் தடவை நீலத்திரை வந்தால் பதற வேண்டாம், வி.எம். அமைப்பில் டிஸ்கை ஐடிஇ கன்ட்ரோலருக்கு மாற்றினால் பெரும்பாலும் எழுந்துகொள்ளும். மெஷின் மாறிவிட்டதென்று விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும். கணினியோடு சேர்த்து விற்கப்பட்ட ஓஇஎம் உரிமம் அந்த மெஷினோடு கட்டப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். இடம் மாற்றிக்கொள்ள உரிமை தருவது தனியாக வாங்கிய ரீடெய்ல் பதிப்புதான். யூஎஸ்பி டாங்கிளை உள்ளிருக்கும் எக்ஸ்பிக்கு மடைமாற்றிவிடலாம். பிரிண்டர் போர்ட்டில் சொருகும் பழைய வகை என்றால் அந்தப் போர்ட் உள்ள கணினியைத் தேடி ரிச்சி தெருவுக்குத்தான் போகவேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்கு இன்டர்நெட் கொடுக்கக் கூடாது. அதற்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துபோனது. 2017 மேயில் வானாக்ரை ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியபோது கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு பேட்ச் தர வேண்டிவந்தது. எல்லாத் தடவையும் தரமாட்டார்கள். நெட்வொர்க் கார்டை அணைத்துவிட்டு, ஃபைல் கொடுக்க வாங்க ஒரே ஒரு பொது ஃபோல்டரை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

எக்ஸ்பி ஓடிவிட்டது, ஃபைல் திறந்துவிட்டது என்றதும் பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் பார்வையில் அது பாதி வேலை. நாளைக்கு விர்ச்சுவல்பாக்ஸே எக்ஸ்பியைக் கைவிடலாம். உள்ளே போனதும் செய்ய வேண்டியது, ஒவ்வொரு புத்தகத்தையும் ஃபாண்டோடு சேர்த்து பிடிஎஃப் ஆக எடுப்பது. பிறகு மேட்டரைத் தனியாக வெளியே எடுத்து யூனிகோடுக்கு மாற்றுவது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்ற 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், யூனிகோடுக்கு முன் அவற்றைத் திஸ்கி என்ற பழைய குறியீட்டில் ஏற்றிவந்தது; பின்னால் அவற்றை யூனிகோடுக்குக் கொண்டுபோக முடிந்தது, மேட்டர் மேட்டராகவே இருந்ததால். மாற்றுவதற்கு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. நூற்றுக்கு நூறு நம்பிவிட முடியாது. பழைய ஃபாண்டில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் பதிவாகியிருக்கும், யூனிகோடில் பின்னால் வர வேண்டும். ஔகாரத்தில் வரும் ‘ள’ தனி ளகரமாகிவிடும். நடுவே வந்த ஆங்கிலச் சொல் தமிழ்க் கிறுக்கலாக மாறியிருக்கும். புரூஃப் பார்க்க ஆள் வேண்டும். இருந்தாலும் முன்னூறு பக்கத்தைத் திரும்ப அடிப்பதோடு ஒப்பிட்டால் இது லேசான வேலை.

திருவான்மியூரின் உப்புக் காற்றில் பழைய மதர்போர்டு எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். பரணில் ஒரு பழைய சிபியூ கிடந்தால், எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுவதற்கு முன்பு அதன் ஹார்ட் டிஸ்கை ஒரு நகல் எடுத்துவிடுங்கள். டாங்கிளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.