குழல் வாயில் சூட்சுமம்

வாத்து வேட்டைக்காரர்கள் தேடித் தேடி வாங்கும் ஒரு சிறு எஃகுக் குழாய். ஈய ரவைக்குத் தடை விழுந்ததும் அதன் இலக்கணமே தலைகீழானது. வேட்டை ஒழிந்துபோன இந்தியாவுக்கும் அந்தக் கதையில் பங்கு உண்டு.

ராஜஸ்தானின் பரத்பூரில், கேவலாதேவ் கோயிலுக்கு அருகே நிற்கிறது ஒரு கல்வெட்டு. அரசர்களின் புகழ் பாடும் வழக்கமான கல்வெட்டு அல்ல; இது ஒரு கணக்குப் புத்தகம். வேட்டை நடந்த தேதி, யாருக்காக நடந்தது, எத்தனை துப்பாக்கிகள், எத்தனை பறவைகள் என்று வரிசையாகப் போகிறது பட்டியல். 1902ல் வைஸ்ராய் கர்சன் பிரபுவின் கௌரவத்துக்காக நடந்த வேட்டையும் இதில் உண்டு. 1938 நவம்பர் 12ஆம் தேதிக்கு எதிரே செதுக்கப்பட்டிருக்கும் எண் 4,273. அன்றைய விருந்தாளி வைஸ்ராய் லின்லித்கோ பிரபு. அத்தனையும் ஒரே நாளில்.

கல்வெட்டில் இல்லாத கணக்குகள் இரண்டு. அடிபட்டும் விழாமல் பறந்துபோய், கோரைப் புதருக்குள் கிடந்து செத்த பறவைகள் எத்தனை என்பது ஒன்று. ஏரியின் அடியில் தங்கிய ஈயம் எவ்வளவு என்பது மற்றொன்று. பறவைக்கு ஒரு தோட்டா, தோட்டாவுக்கு ஒரு அவுன்ஸ் ஈயம் என்று மிகக் குறைவாகவே வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு நாளில் வெடித்துச் சிதறிய ஈயம் 119 கிலோவைத் தாண்டுகிறது. குறி தவறிய தோட்டாக்கள் இதில் சேர்த்தியில்லை.

இந்த இரண்டு கணக்குகளையும் உலகம் வெகு தாமதமாகத்தான் போட்டுப் பார்த்தது. போட்ட பிறகு மாறியவற்றுள் ஒன்று, துப்பாக்கிக் குழலின் வாயில் திருகப்படும் விரல் நீளக் குழாய். அதன் பெயர் சோக்.

12 போர் துப்பாக்கியின் தோட்டாவில் ஒற்றைக் குண்டு கிடையாது. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு ரவைகள் இருக்கின்றன. குழலை விட்டு வெளியேறியதும் அவை விரிந்துகொண்டே போகின்றன. தோட்டக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் சிதறாமல் தொலைவுக்குப் பாய்வதுபோல, குழலின் கடைசி இரண்டு மூன்று அங்குலத்தைக் கொஞ்சம் குறுக்கினால் ரவைகள் கூட்டமாகவே அதிக தூரம் போகும். குறுக்கும் அளவு மயிரிழைதான். 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கினால் ‘ஃபுல்’ சோக். அரை மில்லிமீட்டர் என்றால் ‘மாடிஃபைட்’. கால் மில்லிமீட்டர் என்றால் ‘இம்ப்ரூவ்டு சிலிண்டர்’. குறுக்கலே இல்லாவிட்டால் வெறும் ‘சிலிண்டர்’.

இதை அளக்க ஒரு பழைய வழி இருக்கிறது. 40 கஜ தூரத்தில் பெரிய காகிதத்தைக் கட்டிச் சுட வேண்டும். ரவை அடர்ந்து விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல விட்டத்தில் ஒரு வட்டம் போட்டு, ஓட்டைகளை எண்ண வேண்டும். தோட்டாவிலிருந்த ரவைகளில் வட்டத்துக்குள் 70 சதவீதம் விழுந்தால் ஃபுல். 60 என்றால் மாடிஃபைட். 50 என்றால் இம்ப்ரூவ்டு சிலிண்டர். 40 என்றால் சிலிண்டர்.

இந்த யுக்தியைக் கண்டுபிடித்தது யார் என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த துப்பாக்கித் தயாரிப்பாளர் டபிள்யூ. ஆர். பேப் 1866லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அமெரிக்காவில் சில்வெஸ்டர் ரோப்பர் 1868ல் கழற்றி மாட்டும் சோக்குக்கே உரிமை பெற்றார். இல்லினாய்ஸின் வாத்து வேட்டைக்காரர் ஃப்ரெட் கிம்பிளும் பங்கு கேட்டார். ஊரறியச் செய்தவர் பர்மிங்ஹாமின் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர், 1870களில்.

அதன்பின் சுமார் நூறு ஆண்டுகள் வேட்டைக்காரர்களின் பாடம் ஒரே வரி: வாத்துக்கு ஃபுல் சோக். உயரத்தில் வேகமாகப் பறக்கும் பறவை, தடித்த இறகு. ரவை நெருக்கமாகப் போனால்தான் விழும். இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் ஒரு குழல் சற்றுத் தளர்வாகவும் மற்றது இறுக்கமாகவும் வந்தன. வாங்கியவர் அதோடு ஆயுள் முழுக்கக் குடும்பம் நடத்தினார்.

ஆனால் ஏரிகளின் அடியில் ஈயம் சேர்ந்துகொண்டிருந்தது. வாத்துக்குப் பல் கிடையாது. தானியத்தை அரைக்க அது சிறு கற்களை விழுங்கி இரைப்பையில் வைத்துக்கொள்கிறது. சேற்றில் கிடக்கும் ஈய ரவைக்கும் கல்லுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இரைப்பையில் தேய்ந்து கரையும் ஈயம் ரத்தத்தில் கலக்கிறது. ரத்தசோகை, தசை முடக்கம், சிறகு தொங்குதல், இரண்டு மூன்று வாரங்களில் மரணம். சாகப்போகும் பறவை ஒளிந்துகொள்வதாலும், நரியும் பருந்தும் முந்திக்கொள்வதாலும் பிணங்கள் மனிதர் கண்ணில் படுவதில்லை. செத்த வாத்தைத் தின்ற கழுகுக்கும் அதே கதி.

அமெரிக்க உயிரியலாளர் ஃப்ராங்க் பெல்ரோஸ் 1959ல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டு நீர்ப்பறவைகளில் ஆண்டுதோறும் 2 முதல் 3 சதவீதம் ஈய நஞ்சால் சாவதாகக் கணித்தது. லட்சக்கணக்கில் பறவைகள். அதன் பிறகும் முப்பது ஆண்டுகள் வாதம், வழக்கு, இழுபறி. கடைசியில் 1991ல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்குத் தடை வந்தது. நெதர்லாந்து 1993லும் டென்மார்க் 1996லும் ஈய ரவையை முற்றாக விலக்கின. இங்கிலாந்தில் 1999ல் நீர்ப்பறவைகளுக்குத் தடை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈர நிலங்களில் 2023 பிப்ரவரியிலிருந்து தடை.

ஈயத்தின் இடத்துக்கு வந்தது இரும்பு. கடைகளில் ‘ஸ்டீல் ஷாட்’ என்று விற்கப்படுவது உண்மையில் மெதுவான இரும்புதான். ஆனாலும் ஈயத்தைவிடக் கடினம், எடையோ குறைவு. ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் இரும்பு 7.8. அதனால் காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கிறது. ஈடுகட்ட, இரண்டு நம்பர் பெரிய ரவையாகப் போட வேண்டும்.

பழைய பாடம் இங்கேதான் புரண்டது. ஈய ரவை மெத்தென்றது. வெடிப்பின் அழுத்தத்திலும் குழலின் குறுகலிலும் நசுங்கி, கோணலாகி, திசைமாறிப் பறக்கும். இரும்பு நசுங்குவதில்லை, உருண்டையாகவே வெளியே வந்து கூட்டமாகப் போகிறது. ஆகவே மாடிஃபைட் சோக்கிலேயே ஃபுல் சோக்கின் அடர்த்தி கிடைக்கிறது. அதற்குமேல் குறுக்கினால் ஆபத்து. நசுங்க மறுக்கும் ரவைகள் குறுகலில் முண்டும்போது குழல் வாய் வளையம்போல் வீங்கிவிடலாம். 4 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இரும்பு ரவையை அரை மில்லிமீட்டருக்கு மேல் குறுகிய சோக்கில் சுடக்கூடாது என்பது ஐரோப்பியச் சோதனை விதி. தாத்தா காலத்து மெல்லிய குழல்களில் இரும்பே கூடாது.

தாத்தாவின் துப்பாக்கியில் சோக்கை மாற்ற முடியாது. புதியவற்றில் திருகி மாற்றலாம். இதனால் துப்பாக்கி செய்பவரே தரும் இரண்டு மூன்று சோக்குகளுக்கு அப்பால் தனிச் சந்தையே முளைத்துவிட்டது. ஹூஸ்டனின் பிரைலி, கான்சாஸின் கார்ல்சன்ஸ், ஜார்ஜியாவின் ட்ரூலாக் என்று சோக் மட்டுமே பெயர் வாங்கித் தந்த நிறுவனங்கள் இருக்கின்றன. விளம்பரங்கள் நீண்ட தூரத்தை வாக்களிக்கின்றன. வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியதோ வேறு.

முதல் கேள்வி, மரை. ஒவ்வொரு துப்பாக்கி நிறுவனத்துக்கும் தனி மரை, ஒரே நிறுவனத்திலேயே பல வகை. ஏறத்தாழப் பொருந்துகிறதே என்று திருகினால் அடுத்த வெடிப்பில் சோக்கும் குழலும் சேர்ந்து கிழியலாம்.

இரண்டாவது, இரும்புக்கு உகந்தது என்று சோக்கின் மேல் பொறித்திருக்கிறதா?

மூன்றாவது கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சோக்கின் வாய் அளவு மட்டும் ஒன்றும் சொல்லாது. அது எந்தக் குழலில் மாட்டப்படுகிறது என்பதே முக்கியம். வாய் 17.9 மில்லிமீட்டர் உள்ள ஒரு சோக்கை 18.5 மில்லிமீட்டர் குழலில் மாட்டினால் குறுக்கல் 0.6, மாடிஃபைட் பக்கம். அதே வாய் அளவு, அகலமாகக் குடைந்த 18.85 மில்லிமீட்டர் குழலுக்கு வந்தால் குறுக்கல் 0.95, ஏறக்குறைய ஃபுல். மேலே எழுதியிருக்கும் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும்.

நான்காவது, தோட்டா. இரும்பு ரவைகள் ஒரு தடித்த பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்து வருகின்றன. குழலின் உட்சுவரில் கீறல் விழாமல் காப்பது அந்தக் கிண்ணம். சில சோக்குகளில் கிண்ணத்தைப் பிடித்துத் தாமதப்படுத்தும் முண்டுகள் இருக்கும். சிலவற்றில் வாயு வெளியேறத் துளைகள். ஆனால் சில நவீனத் தோட்டாக்களில் கிண்ணமே ரவையைக் கொஞ்ச தூரம் சுமந்துபோகும்படி அமைத்திருக்கிறார்கள். அதையும் முண்டுச் சோக்கையும் ஜோடி சேர்த்தால் இரண்டின் வேலையும் கெடுகிறது.

ஐந்தாவது, தூரம். அர்கன்சாஸின் ஸ்டட்கார்ட் பகுதியில் வெள்ளம் தேங்கிய காட்டுக்குள் வாத்துகள் மரங்களுக்கிடையே 20, 25 கஜத்தில் இறங்கும். அங்கே இம்ப்ரூவ்டு சிலிண்டரே தாராளம். இறுக்கமான சோக் வைத்தால் ஒன்று தப்பும், இல்லையேல் பறவை சல்லடையாகும். திறந்த வயலில் உயரே கடக்கும் பெருவாத்துக்கு மாடிஃபைட் தேவைப்படலாம்.

இத்தனைக்கும் கடைசித் தீர்ப்பு காகிதத்தின் கையில். 35 கிராம் எடையுள்ள இரண்டாம் நம்பர் இரும்பு ரவைத் தோட்டாவில் சுமார் 156 ரவைகள். 40 கஜத்தில் வட்டத்துக்குள் 109 ஓட்டைகள் விழுந்தால் 70 சதவீதம். ஒரு முறை சுட்டுப் பார்த்து முடிவுகட்டக்கூடாது. அதே தோட்டாவில் நான்கைந்து முறையாவது சுட்டு சராசரி எடுக்க வேண்டும். எண்ணிக்கையோடு, ஒரு வாத்து நுழைந்துபோகும் அளவுக்கு வட்டத்தில் காலியிடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அரை நாள் வேலை. செய்பவர்கள் குறைவு.

செய்யாததன் விலையைப் பறவைகள் தருகின்றன. விலை உயர்ந்த சோக் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் 60 கஜத்தில் சுடுகிறார்கள். சோக் ரவையின் கூட்டத்தைத்தான் காக்கும், வேகத்தைக் காக்காது. இளைத்த வேகத்தில் போய்த் தைக்கும் இரும்பு கொல்லாமல் காயப்படுத்துகிறது. விழாமல் பறந்துபோன பறவை வேட்டைக்காரரின் கணக்கில் ‘குறி தவறியது’. மறைந்திருந்து எண்ணிய ஆய்வாளர்கள் கண்ட காயங்கள், வேட்டைக்காரர்கள் தாமே சொன்னதைவிட அதிகம்.

ஈயத்தை விலக்கியதன் பலனோ கண்கூடு. மிசிசிப்பி வழித்தடத்தில் நடந்து 2000ல் வெளியான ஆய்வு, ஈய நஞ்சால் மல்லார்ட் வாத்துகள் சாவது 64 சதவீதம் குறைந்ததாகக் கணித்தது. 1997 இலையுதிர்காலத்தில் மட்டும் வட அமெரிக்காவில் 14 லட்சம் வாத்துகள் பிழைத்திருக்கும் என்பது அதன் மதிப்பீடு.

இந்தியாவில் கதை வேறு பாதையில் போனது. 1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டிப்போட்டது. எஞ்சியிருந்த லைசென்ஸ் வழியையும் 1991ன் திருத்தம் அடைத்தது. அமெரிக்கா ஈயத்தைக் கைவிட்ட அதே ஆண்டில் இந்தியா பொழுதுபோக்கு வேட்டையையே கைவிட்டது. இங்கே சோக் தேர்வைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் இப்போது களிமண் தட்டுகளைச் சுடும் வீரர்கள்தான். ஓடித் தொலையும் தட்டை அடிக்கும் ‘டிராப்’ போட்டிக்கு இறுக்கமான சோக். குறுக்கே பாயும் தட்டைக் கிட்டத்தில் அடிக்கும் ‘ஸ்கீட்’டுக்குத் திறந்த சோக். வேட்டைப் பரம்பரையில் வந்து ஐந்து ஒலிம்பிக்குகளில் டிராப் சுட்ட பிகானேர் மகாராஜா கர்ணி சிங்கின் பெயரில்தான் டெல்லியின் துக்ளகாபாத் ரேஞ்ச் இருக்கிறது. புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமான் 2023ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிராப் குழுத் தங்கம் வென்றவர்களில் ஒருவர். 2024ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார்.

வாத்துகளோ எல்லை பார்ப்பதில்லை. பரத்பூருக்கும் நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்துக்கும் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்துகள் இமயத்துக்கு அப்பாலிருந்து வருகின்றன. வழியில் எந்த ஏரியில், எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் இரை தேடின என்பது அவற்றுக்குத் தெரியாது. சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் சேற்றில் கிடக்கும் ரவைக்கு இங்கே போட்ட சட்டம் பதில் சொல்லாது.

பரத்பூர் 1956ல் சரணாலயமானது. ஆனாலும் மகாராஜாவின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது. கடைசிப் பெருவேட்டை 1964ல். 1982ல் தேசியப் பூங்கா, 1985ல் உலகப் பாரம்பரியச் சின்னம். இன்று பூங்காவுக்குள் ரிக்‌ஷா ஓட்டுபவர்களே வழிகாட்டிகள். ஊசிவால் வாத்து எது, நீலச்சிறகி எது என்று கை நீட்டிக் காட்டுகிறார்கள். கல்வெட்டருகே ரிக்‌ஷாவை நிறுத்தினால், 1938க்கு எதிரே உள்ள எண்ணைப் பயணிகள் இரண்டு முறை படிக்கிறார்கள்.