புதுச் சப்பாத்தும் பழகிய காலும்

ஐம்பதை அணுகிய என் தங்கை வீழ்ந்தெழுவதையும் மீண்டும் வீழ்வதையும் தமையனாகிய நான் ஒரு மணி நேரம் வாளாவிருந்து பார்த்தேன். உதவிக்குச் செல்ல எனக்கு வழியில்லை. அவள் நின்ற தரை பனிக்கட்டி. என் காலில் இருந்ததோ ஊரிலிருந்து அணிந்து சென்ற தோற்சப்பாத்து.

சென்ற மார்கழி விடுமுறையிலே, கனடாவின் ரொறன்ரோ நகரைச் சார்ந்த ஸ்காபரோவில் அவள் இல்லத்தில் ஐந்து வாரம் தங்கியிருந்தேன். அவள் வைத்தியசாலை ஒன்றில் தாதியாகப் பணிபுரிபவள். மகளைச் சறுக்கல் வகுப்பிற்கு அழைத்துச் சென்று சுவரோரம் காத்திருந்தவள், தன் 42ஆம் வயதில் தானும் இறங்கினாள். மகள் ஓராண்டில் விட்டுவிட்டாள், தாய் விடவில்லை. ஆண்டுகள் ஆறாயின.

இக்கலைக்குத் தமிழிலே பெயரிடுவது எளிதன்று. பனிச்சறுக்கு என்று எழுதிவிடுகின்றோம். ஆனால், நீள்பலகை பூட்டி மலைச்சரிவில் இறங்கும் விளையாட்டிற்கும் அப்பெயரையே வழங்குகின்றோம். ஆங்கிலத்தார் இதனைப் ‘பிகர் ஸ்கேற்றிங்’ என்பர். ஈண்டுப் ‘பிகர்’ என்பது ஆடுவோர் உடலின் வடிவைக் குறிப்பதன்று. பனிக்கட்டியின்மேற் காலால் வரையும் உருவங்களைக் குறிப்பது. எட்டு என்னும் ஆங்கில இலக்கம் போல இரு வட்டங்களை ஒற்றைக் காலில் வரைந்து, வரைந்த கோட்டின்மீதே மீண்டும் மீண்டும் சென்று காட்டுதல் நெடுங்காலம் போட்டியின் ஒரு கூறாக இருந்தது. 1990க்குப் பின்னர் உலகப் போட்டிகளினின்றும் அது நீக்கப்பட்டது. பெயர் மட்டும் எஞ்சிற்று. ஏடும் எழுத்தாணியும் கண்ட மரபில் வந்த எனக்கு இச்செய்தி மிக உவப்பளித்தது. இங்கே காலே எழுத்தாணி!

எழுத்தாணிக்கு முனை ஒன்று. சப்பாத்தின் அடியிற் பொருத்திய எஃகு அலகிற்கோ விளிம்பு இரண்டு. அலகின் அடிப்புறத்தில் நீளவாக்கில் மெல்லிய பள்ளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கும். அதனால் உள்விளிம்பு, புறவிளிம்பு என இரண்டு உண்டாகும். காலை உட்சாய்த்தால் ஒன்று பனியைப் பற்றும். வெளிச்சாய்த்தால் மற்றொன்று பற்றும். சாய்க்காது நின்றால் இரண்டும் பற்றி இரட்டைக் கோடு விழும். தேர்ந்தோர் கால் வரைவது ஒற்றைக் கோடு. அலகின் முன்னே பற்களும் உள. துள்ளற்கும் சுழலற்கும் அவை வேண்டும். பழகாதாரைக் குப்புற வீழ்த்துவனவும் அவையே.

முற்காலத்தில் இவ்வலகுகளை நடக்குஞ் சப்பாத்தின்மேல் வாரினாலும் கவ்விகளாலும் பிணைத்தனர். 1860களில் ஜக்சன் ஹெயின்ஸ் என்னும் அமெரிக்க ஆடலாசிரியர் அலகையும் சப்பாத்தையும் பிரிவின்றிப் பொருத்தி ஆடிப் புகழ்பெற்றார். துள்ளலும் நடனமும் அதனால் வளர்ந்தன. கூடவே ஒரு தொல்லையும் வந்தது: சப்பாத்து மூத்துப்போனால், கால் அதனோடு செய்துகொண்ட உடன்பாடு முழுதும் கலைந்துவிடும்.

தங்கையின் பழைய சப்பாத்துக் கணுக்காற் பக்கம் மடிந்து சுருங்கித் துவண்டிருந்தது. துள்ளி இறங்கும்போது தாங்கும் உரம் அதற்கில்லை. மாற்றுக என்றார் பயிற்றுநர். புதியதன் விலையை ரூபாவிற் பெருக்கிப் பார்த்து நான் வாய்மூடினேன். கடைக்காரர் அதனை வெப்பமூட்டி இளக்கி, அவள் காலை உள்ளே இட்டுக் கட்டி, ஆறும்வரை அசையாதிருக்கச் செய்தார். அலகைச் சில திருகாணிகளால் மட்டும் பொருத்தினார். ஆடிப் பார்த்து, ஒரு பக்கம் இழுத்தால் மயிரிழையளவு நகர்த்தி, அதன் பின்பே எல்லாத் திருகாணிகளையும் இறுக்குவராம்.

இத்துணைக் கவனமும் முதல் நாளில் உதவவில்லை. விறைத்த தோலுக்குள்ளே கணுக்கால் மடியவில்லை. கணுக்கால் மடியாதபோது முழங்காலும் மடியாது. பழைய அலகு பலகாலும் தீட்டித் தேய்ந்து தாழ்ந்தது; புதியது உயர்ந்தது. குதியும் முன்னையதினும் சற்று உயரம். உடலின் நிறை முன்னே சரிந்தது. பற்கள் பனியிற் குத்தின. ஆறாண்டுக் கல்வி ஒரு காலையில் அழிந்தாற்போலாயிற்று.

“அண்ணை, கால் என்ர சொல்லுக் கேக்குதில்லை” என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், காரில் ஏறிய பின்னர்ச் சிரிக்கவில்லை.

அருகே பத்து வயதுச் சிறுமி ஒருத்தியும் அன்று புதுச் சப்பாத்து அணிந்திருந்தாள். அவளும் வீழ்ந்தாள், அழுதாள், அடுத்த கிழமை எல்லாவற்றையும் மறந்து பறந்தாள். சிறுமிக்கு எலும்புகளின் பெயர் தெரியா. என் தங்கைக்கோ இடுப்பெலும்பு முறிந்தவர்களை நாள்தோறும் தூக்கி இருத்துவதே தொழில். வீழ்வது எதுவென்று அறிந்த உடல் வீழ்வதற்கு முன்னரே இறுகிவிடுகின்றது. வயது வந்தோர்க்குத் தோலின் விறைப்பினும் இவ்விறைப்பே பெரிது என்பது நான் கண்டது.

அன்றிரவு நான் ஒரு பிழை செய்தேன். “இந்த வயதில் உனக்கு இது தேவையோ?” என்று கேட்டுவிட்டேன். அவள் மறுமொழி கூறவில்லை. ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்வ் என்னும் ஊரிலே 28 வயதுக்கு மேற்பட்டோர்க்கெனவே சர்வதேசப் போட்டி ஒன்று 2005 முதல் நடைபெற்று வருவதை மருமகள்தான் எனக்குப் பின்பு சொன்னாள். மாணவர் முன்னே வாய் தவறினால் திருத்திக்கொள்ளலாம். தங்கையின் முன்னே அது கடினம்.

மறுநாட் காலை அலகிற்கு உறை மாட்டிக்கொண்டு, அச்சப்பாத்துடனேயே அடுக்களையில் நின்று தோசை சுட்டாள். நாள்தோறும் அரை மணி நேரம் அவ்வாறே நடந்தாள். கணுக்கால் எலும்பு முட்டிச் சிவந்த இடத்தைக் கடைக்காரர் உள்ளிருந்து தள்ளி விரித்துக் கொடுத்தார். கயிறு கட்டுவதிலும் ஒரு முறையுண்டு. விரற்பக்கம் தளர்வாகவும், கணுக்கால் வளைவில் இறுக்கமாகவும் கட்டவேண்டும். புதிதாயின் மேற்கொளுக்கியைச் சில நாள் கட்டாது விடுதலும் உண்டு. மடங்க இடம் வேண்டுமல்லவா? பனித்தளத்தில் இருபது நிமிடத்திற்கு மேல் நிற்கவில்லை. துள்ளல் இல்லை, சுழலல் இல்லை. இரு காலூன்றிச் சறுக்குதல், நிற்றல், முழங்கால் மடித்தல்; அரிவரிப் பாடம் முழுதும் மீண்டும் தொடங்கிற்று. பழையதை அணிந்து ஒருமுறை ஆடிப் பார்க்கும் ஆசை அவளுக்கு வந்ததுண்டு. பயிற்றுநர் விடவில்லை, இரண்டையும் மாற்றி மாற்றி அணிந்தால் கால் எதனையும் கற்காது என்றாராம். பங்குனியில் அவர்கள் கழகத்தாரின் ஆடல் நிகழ்ச்சி. அதிலே துள்ளலின்றி ஆடுவதென்று முடிவு செய்தாள். முடிவைச் சொன்னபோது அவள் குரல் சற்றுத் தாழ்ந்தே இருந்தது.

நான் புறப்படுவதற்கு முதல்நாட் காலை. தளத்தைச் சுரண்டி நீர் பூசிச் செப்பனிடும் இயந்திரம் அப்போதுதான் வெளியேறிற்று. கண்ணாடி போன்ற புதுப் பனி. அவள் வலக்காலில் ஊன்றி, புறவிளிம்பிற் சாய்ந்து, அரைவட்டம் ஒன்று மெல்ல வரைந்து, மூச்சு வாங்கச் சுவரைப் பற்றினாள்.

“வந்து பாருங்கோ, அண்ணை.”

சுவரின்மேற் குனிந்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தேன். தொடக்கத்தில் ஒரு முழம் இரட்டைக் கோடு; அதன் பின் வளைவு முடியுமட்டும் ஒற்றைக் கோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிறுவன் ஒருவன் அதற்குக் குறுக்கே விரைந்து போனான். அவள் மீண்டும் தொடங்கிய இடத்திற்குச் சென்றாள்.