கடலே பாலையாகும் நிலத்தில் ஒரு கூடாரம்

தில்லிப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை விடப்படும் ஜனவரித் தொடக்கமே தலைநகரின் காற்று மூச்சை முட்டும் காலமாகவும் அமைந்துவிடுகிறது. கோடையில் சொந்த ஊருக்குச் சென்றுவரும் மயூர் விஹார்த் தமிழ்க் குடும்பங்கள், குளிர்காலத்துக்கென வேறொரு பயணத்தை நாடுவது இயல்பே. அவர்களுள் கூடாரத்தில் தங்க விரும்புவோருக்குக் கடலையும் பாலையையும் ஒரே பயணத்தில் காட்டவல்லது குஜராத்தின் கட்ச் மாவட்டம். மயூர் விஹாரிலிருந்து மாவட்டத் தலைநகரான புஜ் சாலை வழியே 1,100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மகிழுந்தில் இரண்டு நாள் ஆகும். பரேலியிலிருந்து தில்லி வழியாகப் புஜ் செல்லும் ஆலா ஹஸ்ரத் விரைவு வண்டியும் உண்டு.

நெய்தலும் பாலையும் வெவ்வேறு திணைகள் என்று படித்தவர்கள் நாம். கட்சின் ரண் பகுதியிலோ அவை ஒரே நிலத்தின் இரு பருவங்கள். தென்மேற்குப் பருவக்காற்று கடல்நீரைக் கழிமுகங்களின் வழியே உள்ளே தள்ளுகிறது. லூனி, பனாஸ் முதலிய ஆறுகளின் மழைநீரும் வந்து கலக்கிறது. தட்டையான பரப்பாதலால் நீர் ஆழமின்றிப் பரந்து நிற்கும். மழை ஓய்ந்தபின் அது ஆவியாகிவிட, உப்பு மட்டும் வெண்பாளமாக எஞ்சுகிறது. ஆகஸ்டில் வருபவர் கடல் என்று சொல்லும் இடத்தை ஜனவரியில் வருபவர் பாலை என்பார். எனவே எங்கே செல்வது என்பதைவிட எப்போது செல்வது என்பதே இங்கு முதல் வினா.

இதனை நன்கறிந்தவர்கள் சிறிய ரண்ணில் உப்பு விளைவிக்கும் அகரியா குடும்பங்கள். மழைநீர் வடிந்ததும், ஏறக்குறைய அக்டோபரில், குழந்தைகளோடு உள்ளே சென்று குடிசையிட்டுத் தங்கும் இவர்கள், அடுத்த மழைக்கு முன் கரையேறிவிடுகிறார்கள். நாம் ஒரு வாரப் பொழுதுபோக்காகச் செய்வதை ஆண்டில் எட்டு மாதம் பிழைப்பாகச் செய்பவர்கள் அவர்கள். சுற்றுலாக் குடும்பத்துக்கு ஏற்றது டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரையிலான காலம். அதற்கு முன் சென்றால் வெண்பாளத்தின் அடியில் சேறு ஈரமாகவே இருக்கக்கூடும். மேலே கல்போல் தோன்றும் உப்பு ஒரு மகிழுந்தின் எடையைத் தாங்காது. சாலையைவிட்டு வண்டியை இறக்காதிருப்பதே நல்லது.

வெள்ளை ரண்ணுக்கு நுழைவாயிலான தோர்டோ சிற்றூரில், 2005இல் தொடங்கிய ரண் உற்சவத்தையொட்டிக் கூடார நகரம் அமைக்கப்படுகிறது. எல்லைப் பகுதியாதலால் அனுமதிச் சீட்டு பெற வேண்டும். குடும்பத்தினர் அனைவரின் அடையாள அட்டைகளும் கையில் இருத்தல் நலம். அனுமதி பெறாத செயற்கைக்கோள் பேசியை வைத்திருப்பது குற்றம் என்பதையும் நினைவில் கொள்க. சரணாலயங்களிலும் எல்லைப் பகுதியிலும் விரும்பிய இடத்தில் கூடாரம் அடிக்க இயலாது. ஊராரின் நிலத்திலோ விடுதி வளாகத்திலோ ஒப்புதல் பெற்று அடிப்பதே முறை.

கூடாரத்துக்கு மேட்டுநிலமே ஏற்றது. 2023 ஜூலையில் யமுனை பெருக்கெடுத்தபோது, கரையோர உழவர் குடும்பங்கள் மயூர் விஹார்ச் சாலையோரம் ஏறிவந்து கூடாரங்களில் தங்கியதை அப்பகுதியினர் கண்டிருப்பர். கடற்கரையில் பாசியும் சருகும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோடுதான் நீர் ஏறிய எல்லை. கூடாரம் அதற்கும் வெகுவாக மேலே இருக்க வேண்டும்.

மணலும் வறண்ட காற்றும் பகல் வெப்பத்தைச் சேமித்து வைப்பதில்லை. மேகமற்ற வானத்தில் அது விரைந்து வெளியேறிவிடுகிறது. நண்பகலில் மெல்லிய சட்டை போதும் என்றிருந்த இடத்தில் விடியற்காலையில் கம்பளி இரண்டு வேண்டியிருக்கும். அப்போது கணப்புச் சட்டியைக் கூடாரத்துக்குள் கொண்டுவரத் தோன்றும். இந்த ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யலாகாது. மூடிய இடத்தில் எரியும் கரி கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். அறைக்குள் அங்கீட்டி மூட்டி உறங்கியவர்கள் மாண்ட செய்தி தில்லி நாளிதழ்களில் குளிர்காலந்தோறும் வருவதுதான். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் கூடுதல் கம்பளியும், கீழே விரிக்கத் தடித்த பாயும், வெந்நீர்ப் பையுமே போதுமானவை. காலையில் காலணியை உதறிவிட்டு அணிவது தேளிடமிருந்து காக்கும்.

குடிநீருக்கும் சமையலுக்கும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று கணக்கிடலாம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர், அதாவது 20 லிட்டர்க் கேன்கள் மூன்று. கணக்கு மிகையாகத் தோன்றினால் தோலாவீராவைச் சென்று காணுங்கள். 2021இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த அந்த ஹரப்பா நகரத்தார், இதே வறண்ட மண்ணில் ஓடை நீரையும் மழைநீரையும் திருப்பித் தேக்குவதற்குப் பெரும் நீர்த்தேக்கங்களை வெட்டினார்கள். 4,000 ஆண்டுகளுக்கு முன்னரே நீரைக் கணக்கிட்டு வாழ்ந்த ஊர் அது.

இனி நிலவைப் பற்றி. முழுநிலா இரவில் வெண்பாளத்தைக் காணவே பெருங்கூட்டம் வருகிறது. கட்டணமும் அந்நாள்களில் மிகுதி. அதே நிலவு கடலிலும் வேலை செய்கிறது. முழுநிலாவையும் அமாவாசையையும் ஒட்டிய நாள்களில் கடல் மிக உயரமாக ஏறி, மிகத் தொலைவு வற்றும். சென்னைக் கடற்கரையில் இந்த ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவே என்பதால் தமிழ்நாட்டில் வளர்ந்த நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. கட்ச் வளைகுடா உள்ளே செல்லச் செல்லக் குறுகுவதால், காண்ட்லா துறைமுகத்தில் அது சுமார் 6 மீட்டர் வரை செல்கிறது. ரண்ணில் முழுநிலாவைக் கண்டுவிட்டு மறுநாளோ அதற்கடுத்த நாளோ கடற்கரைக்கு வரும் குடும்பம், தன்னை அறியாமலே மிகப் பெரிய ஏற்றவற்றத்தின் நடுவே வந்து நிற்கிறது.

இதனால் நன்மையும் உண்டு. வளைகுடாவின் தென்கரையில், ஜாம்நகரை அடுத்த நராரா, 1982இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. நீர் வற்றும் வேளையில் பவளப் பாறைகளின் மீதே நடந்து சென்று நண்டு, கடற்சாமந்தி, சில வேளைகளில் எண்காலியையும் காணலாம். படகோ மூழ்கு உடையோ தேவையில்லை. பிள்ளைகளுக்கு இதனினும் சிறந்த உயிரியல் வகுப்பு அமைவது அரிது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 6 மணி நேரம். ஒவ்வொரு நாளும் அந்நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றைய நேரத்தை நம்பி இன்று இறங்கலாகாது. வழிகாட்டி திரும்பச் சொன்னதும் திரும்பிவிட வேண்டும்.

பணத்துக்கு வருவோம். யு.பி.ஐ. வசதிக்குப் பழகிய நகரத்தார் பலர் பணப்பையின்றியே புறப்படுகிறார்கள். இணைய இணைப்பு இல்லாத இடத்தில் கியூ.ஆர். அட்டை வெறும் அட்டைதான். குரல் அலைவரிசை மட்டும் கிடைக்குமானால் *99# என்று அழைத்து, வங்கியில் பதிவுசெய்த எண்ணிலிருந்து பணம் அனுப்பலாம். புறப்படுமுன் வீட்டிலேயே ஒருமுறை பயன்படுத்திப் பழகிக்கொள்ளுங்கள். அதுவும் இயலாத இடத்துக்காக, புஜ் நகர ஏ.டி.எம்.மில் எடுத்த 100, 200 ரூபாய்த் தாள்களைப் பிரித்து இருவரிடம் வைத்திருப்பது நன்று. எரிபொருளையும் அங்கேயே முழுமையாக நிரப்பிவிடுக. கணவன், மனைவி இருவரின் அட்டைகளும் ஒரே பையில் இருக்க வேண்டாம்.

கூடாரங்களுக்கு முன்பதிவு செய்கையில் போலி இணையதளங்களிடம் கவனம் தேவை. விடுதியின் அதிகாரபூர்வ எண்ணை அழைத்து உறுதிசெய்த பின்னரே பணம் செலுத்துங்கள். ஏமாற்றப்பட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். செலவைத் தனிநபர்க் கடனில் ஈடுகட்டுவதைவிட, மாதம் 4,000 ரூபாய் தொடர் வைப்பில் இட்டால் ஓராண்டில் வட்டி நீங்கலாகவே 48,000 சேரும். விடுமுறை முடிந்தபின் தவணை கட்டும் துன்பம் இராது.

சொந்த வண்டியில் செல்வோர் காப்பீட்டுப் பத்திரத்தை ஒருமுறை படித்துக்கொள்க. எஞ்சினுக்குள் நீர் புகுந்து நேரும் சேதம் சாதாரண விரிவான காப்பீட்டில் பெரும்பாலும் அடங்குவதில்லை. அதற்கென எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பு தனியே உண்டு. உப்பால் மெல்ல மெல்ல ஏற்படும் துருவுக்கோ எந்தக் காப்பும் இல்லை. தில்லி திரும்பிய முதல் வாரத்திலேயே வண்டியின் அடிப்பகுதியை நன்னீரால் கழுவச் செய்யுங்கள். கூடாரத்தின் இரும்பு முளைகளையும் அவ்வாறே கழுவி உலர்த்திக் கட்டிவையுங்கள்.