சேமலாப நிதி பறித்த நியமனம்

திருகோணமலையின் கப்பல்துறையைச் சுற்றிப் பிழைப்புக்குப் பஞ்சமில்லை என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். ஊரிலேயே தொழிற்பேட்டை, பக்கத்துச் சீனக்குடாவில் பிரிமா மா ஆலை, டோக்கியோ சீமெந்து, எண்ணெய்த் தாங்கிகள். என்றாலும் கம்பஸ் முடித்து வரும் பிள்ளையிடம் சொந்தக்காரர் கேட்பது ஒன்றுதான்: "கவர்மென்ட் வேலைக்குப் போட்டாச்சா பிள்ளை?"

2017இல் கிழக்கின் மூன்று மாவட்டங்களிலும் வேலையற்ற பட்டதாரிகள் அரச வேலை கேட்டு மாதக்கணக்கில் வீதியோரம் குந்தியிருந்து போராடினார்கள். 2020இல் அரசாங்கம் ஐம்பதாயிரம் பேரளவில் பட்டதாரிப் பயிலுனர்களைச் சேர்த்தது. ஒரு வருடப் பயிற்சி, மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவு, பிறகு அரச சேவை. விண்ணப்பம் கேட்டது பெப்ரவரியில். நாடாளுமன்றத் தேர்தல் குறுக்கிட்டதால் ஓகஸ்ட் வரை இழுபட்டது.

பட்டியல் வெளிவந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஊழியர் சேமலாப நிதியில் பெயர் இருந்தவர்களை வேலையுள்ளவர்கள் என்று கழித்துவிட்டார்கள். பட்டம் முடித்துவிட்டு வருடக்கணக்கில் வீட்டில் சும்மா இருக்க எந்தக் குடும்பத்துக்கு வசதி? பல்பொருள் அங்காடியில் சில மாதம் காசாளராக நின்ற பிள்ளைக்கும் அந்தக் கணக்கு இருக்கும். சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் அதில் விழவேண்டும். ஒழுங்காகக் கட்டிய முதலாளியிடம் வேலை செய்தவருக்கு நியமனம் இல்லை. சட்டத்தை ஏய்த்துக் கையில் காசு கொடுத்த முதலாளியிடம் நின்றவரோ, பதிவேட்டின்படி வேலையே செய்யாதவர். அவருக்குக் கடிதம் வரும். இந்த விதியை எழுதியவர் ஒரு நாளாவது கடையில் நின்றிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

பிறகு மேன்முறையீட்டுக்கு இடம் கொடுத்தார்கள். தான் அந்த வேலையிலிருந்து எப்போதோ விலகிவிட்டதாகக் காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரியின் தலையில் விழுந்தது. கிராம சேவகரிடம் ஒரு கடிதம், பழைய நிறுவனத்திடம் ஒன்று, பிரதேச செயலகத்தில் நாள் முழுக்கக் காத்திருப்பு. கப்பல்துறையிலிருந்து நகரத்துக்குப் பஸ் செலவு வேறு. நிறுவனம் இழுத்து மூடப்பட்டிருந்தால் அந்தக் கடிதத்துக்கு எங்கே போவது?

சேர்ந்தவர்கள் 2022 தொடக்கத்தில் நிரந்தரமானார்கள். அதே ஆண்டில் நாடு கடனில் சரிய, புதிய ஆட்சேர்ப்பு நின்றது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 30,000 பேரை அரச சேவைக்கு எடுக்கப்போவதாக மறுபடி அறிவித்தார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் இறுதி வருடம் படித்துக்கொண்டே பகுதிநேர வேலைக்குப் போகிறவர்கள், அதே விதி மறுபடி வரும் என்று பயந்து சேமலாப நிதி வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள். அது உங்கள் காசு. வேலையை விடும் அன்றே, விலகிய திகதி போட்ட கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பட்டச் சான்றிதழோடு வையுங்கள்.